டிராகன் அங்கிளின் வேல்ஸ்

நியூ ஜெர்சியில் எத்தனையோ ஆயிரம் தமிழர்கள் இருக்கிறோம். வேல்ஸ் நாட்டின் மானத்துக்காக இந்தியன் ஸ்டோர் க்யூவில் சண்டை போடக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். சொந்த ஊர் நாகர்கோவில். இளம் வயதில் வேல்ஸின் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில் டாக்டராக இருந்துவிட்டு அமெரிக்கா வந்து, ரிட்டயரும் ஆகிவிட்டார். கேட்டால் நாகர்கோவிலைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்வார்; வேல்ஸைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார்.

வாசலில் வேல்ஸ் கொடி. மேலே வெள்ளை, கீழே பச்சை, நடுவில் சிவப்பு டிராகன். எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் அதைப் பார்த்துப் பூரித்துப்போய், அவர்கள் புது வருஷத்துக்கு ஒரு கூடை ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்தது. “இது வேற டிராகனாக்கும்” என்று அரை மணி நேரம் விளக்கிவிட்டு ஆரஞ்சை வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து டிராகன் அங்கிள்.

காலையில் யாரைப் பார்த்தாலும் “போரே தா!” என்பார். வெல்ஷ் மொழியில் காலை வணக்கமாம். குடிவந்த புதிதில் நான், “என்ன அங்கிள், வீட்டுல இருக்கிறது போர் அடிக்குதா?” என்று கேட்டு மாட்டிக்கொண்டேன். டிரைவ்வேயிலேயே முதல் வகுப்பு நடந்தது. நடுவில் வாய் தவறி, “நீங்க இங்கிலாந்துல இருந்தப்ப...” என்றேன்.

“லே தம்பி! இங்கிலாந்துன்னு இன்னொரு மட்டம் சொல்லாத, கேட்டியா? அது வேற, வேல்ஸ் வேற!”

பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்தார். “நமக்கு ழகரம் மாதிரி அவங்களுக்கும் ஒரு எழுத்து உண்டு” என்று ஆரம்பித்தார். நாக்கை மேலே ஒட்டி, பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். ஊதிக் காட்டினார். முன்வரிசைக்குக் கல்யாண வாசலில் பன்னீர் தெளித்த மாதிரி ஆகிவிட்டது. அதோடு விடவில்லை. “ஒரு காலத்துல பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க வெல்ஷ் பேசினா கழுத்துல மரப்பலகை கட்டித் தொங்கவிடுவாங்க. அப்பவும் அவங்க பாஷையை விடல. நம்ம பிள்ளைகளுக்கு எவன் பலகை மாட்டினான்?” என்றார். “மம்மி, கேன் வீ கோ நவ்?” என்று ஒரு குழந்தை கேட்டது. ஹால் முழுக்கச் சிரிப்பு.

என் மனைவி மாலதி, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஒரு சனிக்கிழமை அங்கிருந்து போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்த ஒரு வெள்ளைக்கார அம்மா. மறதி நோய். இங்கிலீஷே மறந்துவிட்டது, பேசுவது யாருக்கும் புரியவில்லை. காலையிலிருந்து “தூர்! தூர்!” என்று ஒரே கத்தல். ‘டோர்’ என்கிறார் போலும் என்று கதவைத் திறந்தால் கத்துகிறார், மூடினாலும் கத்துகிறார். ஜூஸ், காபி எதைக் கொடுத்தாலும் தட்டிவிடுகிறார். தூங்க ஊசி போடலாமா என்று யோசிக்கிறார்கள்.

“என்னைப் பார்த்ததும் ‘போரே தா’ன்னாங்க! அங்கிளை உடனே கூட்டிட்டு வாங்க” என்றாள்.

அங்கிள் கோட்டு, டை சகிதம் காரில் ஏறினார். ரூட் ஒன்னில் திரும்பியதும் முகம் வெளிறிவிட்டது.

“தம்பி... எனக்கு வெல்ஷ் அவ்வளவாத் தெரியாதுடே. பேஷண்ட்கிட்ட கேக்க கொஞ்சம் படிச்சேன். அவ்வளவுதான்.”

“அங்கிள்! இத்தனை வருஷமா ஊருக்கே வகுப்பு எடுத்தீங்களே!”

“எவனாவது திருப்பிக் கேட்டானா?”

அறைக்குள் நுழையும்போதே அந்த அம்மா, “தூர்!” என்றார். அங்கிள் அப்படியே நின்றார்.

“கதவும் இல்ல, கிதவும் இல்ல. வெல்ஷ்ல தூர்னா தண்ணி. பச்சைத் தண்ணி கேக்காங்க!”

மாலதி ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அந்த அம்மா இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து ஒரே மூச்சில் குடித்தார். பிறகு அங்கிளின் கையைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று பேச ஆரம்பித்தார். அங்கிளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெரிந்ததைக் கேட்டார்: வலி எங்கே? மூச்சை இழுங்கள். நாக்கை நீட்டுங்கள். அந்த அம்மா சமர்த்தாக இழுத்தார், நீட்டினார். கையிருப்பு வெல்ஷ் தீர்ந்தது.

திடீரென்று அங்கிள் பாட ஆரம்பித்தார். வேல்ஸில் சர்ச்சுக்குச் சர்ச் பாடுகிற பழைய மெட்டு அது. நாகர்கோவில் சர்ச்சில் அதே மெட்டுக்குத் தமிழ்ப் பாட்டு உண்டு. அவருக்குத் தெரிந்தது தமிழ் வரிகள்தான். இரண்டாவது அடியில் அந்த அம்மாவின் குரல் வெல்ஷில் சேர்ந்துகொண்டது. மெலிந்த குரல், ஆனால் ஒரு வார்த்தை தடுமாறவில்லை. ஊசியோடு வந்த நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள். மாலதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த அம்மா இருந்த கடைசி மாதம்வரை சனிக்கிழமைதோறும் நான்தான் அங்கிளை அங்கே டிரைவ் பண்ணிக் கூட்டிப்போனேன். அந்த அம்மா இறந்த பிறகு, சர்ச்சில் அடக்க சர்வீஸ் முடிந்து திரும்பும்போது அங்கிள் வாயே திறக்கவில்லை.

“அங்கிள், அந்த ஊர்ல மழை ரொம்பவா?” என்று கேட்டேன்.

மெதுவாக ஆரம்பித்தார். மலைச்சரிவு, ஆட்டு மந்தை, ஈரம் காயாத கோட்டு என்று குரல் ஏறிக்கொண்டே போனது. எங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சிக்னல் வந்தது. நான் நேராகவே ஓட்டினேன்.