நானூறு தாள் அலங்கோலம்

பதிப்பாசிரியைக்குக் கோபம் உச்சிக்கு ஏறி அரை மணி நேரம் ஆகியிருந்தது. மேசைமேல் கிடந்த நாவல்தான் காரணம்.

நாவலா அது? நானூறு தாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒன்றில் காபிக் கறை, அடுத்ததில் எண்ணெய் விரல். கோழி கிளறியது போன்ற எழுத்து. ஒரு வரி ஓரத்தில் ஏறி, அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய், அங்கே காணாமலே போயிருந்தது. நடை அதைவிட மோசம். எழுவாயை இந்தப் பக்கம் விட்டுவிட்டுப் பயனிலையை மூன்றாம் பக்கத்தில் தேட வேண்டியிருந்தது.

இருப்பதோ இந்த ஒரே பிரதி. "இன்னிக்குள்ள முடிச்சு அச்சுக்கு அனுப்புங்க" என்று முதலாளி வேறு சொல்லிவிட்டார்.

தாள்களை வரிசையாக அடுக்கினாள். மின்விசிறிக் காற்றில் பறந்தன. விசிறியை நிறுத்தினாள்; நெற்றி வியர்வை சொட்டி மை கரைந்தது. துடைத்தாள், ஒரு பத்தியே போயிற்று.

எழுதியவரை அவள் பார்த்ததில்லை. 'வரட்டும்' என்று காத்திருந்தாள். வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள்.

கதவு திறந்தது. வந்தவர் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். காலர் நைந்திருந்தது. தலை சீப்பைக் கண்டு பல நாள் ஆகியிருக்கும். தோளில் சாயம்போன பெரிய பை.

"பேப்பர் விஷயமா வரச் சொன்னீங்களாம்மா..."

கையெழுத்தைப் பார்த்து அவள் மனதில் நினைத்த ஆள் அச்சு அசலாக எதிரே நின்றார்.

"வாங்க! என்னங்க இது கோலம்?"

வந்தவர் மேசையை எட்டிப் பார்த்தார். "ரொம்பத்தான் கசங்கிக் கிடக்கு."

"உங்களுக்கே தெரியுதில்ல? எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க?"

"முப்பது வருஷம்மா. எங்கப்பாவும் இதான் பண்ணாரு."

பரம்பரையே இப்படியா! பல்லைக் கடித்தாள்.

"இதெல்லாம் சொந்தச் சரக்கா, இல்ல எங்கேயாவது எடுத்ததா?"

"சொந்தமா ஏதும்மா? நாலு இடத்துல எடுக்கறதுதான். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க."

"வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"நான் திருடலம்மா. கேட்டுத்தான் எடுக்கறேன்."

அவளுக்குக் காது மடல் சுட்டது. திட்டுவதற்கும் நேரமில்லை.

"போகட்டும். இதையாவது ஒழுங்கா அடுக்கிக் குடுங்க."

வந்தவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து மளமளவென்று பிரித்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கட்டு தயார். குனிந்து பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. வெள்ளைத் தாள் ஒரு கட்டு, பழுப்புத் தாள் ஒரு கட்டு. முதல் அத்தியாயத்தின் தலைமேல் கடைசி அத்தியாயம் ஏறி உட்கார்ந்திருந்தது.

"ஐயோ! பக்க நம்பரைப் பார்க்க மாட்டீங்களா?"

"எங்க தொழில்ல நம்பரெல்லாம் யாரும் பாக்கறதில்லம்மா."

"அப்போ படிக்கறவங்க கதி என்ன?"

"இதைப் போய் யாரும்மா படிக்கப் போறாங்க?"

அந்தக் குரலில் கேலி துளியும் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நாற்காலி பின்னால் சாய எழுந்தாள்.

"உங்களுக்கே மதிப்பில்லாததை என் தலையில ஏன் கட்டறீங்க? எடுத்துட்டுப் போங்க! இனிமே இது என் கண்ணுல படக் கூடாது!"

"முழுசுமாம்மா?"

"ஒரு துண்டு விடாம!"

அவர் முகம் மலர்ந்தது. "மகராசியா இருங்க." முழங்காலால் அழுத்திக் கயிற்றை இறுக்கினார், பையில் திணித்தார், அவள் மனம் மாறிவிடுமோ என்பது போல வேகமாக வெளியேறினார்.

பதிப்பாசிரியை ஈரத்துணியால் மேசையைத் துடைத்தாள். மனம் லேசாகியிருந்தது. இத்தனை வருஷத்தில், வாதாடாமல் போன முதல் எழுத்தாளர் இவர்தான். முதலாளியிடம் என்ன சொல்வது என்று யோசிக்கும்போது அலுவலக உதவியாளர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"மேடம், நான் வரச் சொன்ன பழைய பேப்பர்காரர் வண்டியில ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டாரு. எழுத்தாளர் ஐயா கால் மணி நேரமா வெளியே உக்காந்திருக்காரு, இப்போ உள்ளே அனுப்பட்டுங்களா?"