மாமனார் பார்த்த கார் பந்தயம்

கடைசி வளைவில், முதலாவதாக வந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, கம்ப்யூட்டர் விளையாட்டில் கிரெய்க் ஓட்டிய கார் திரையில் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த இரண்டு கார்கள் விர்ரென்று தாண்டிப் போயின. கிரெய்க் திரும்பி மாமனாரைப் பார்த்தான்.

"கிராபிக்ஸ் கார்டு பழசாயிடுச்சு மாமா. அதான் படம் திக்குது."

"ம்," என்றார் லாக்லன்.

அந்த 'ம்' கிரெய்க்கைத் தூங்கவிடவில்லை. நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் கோர் ஊரில் லாக்லனைத் தெரியாதவர் கிடையாது. கொட்டும் பனியில் ஆட்டுக்குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஆறு தாண்டி வந்தவர். எலும்பு முறிந்த கையோடு மந்தை முழுக்கக் கம்பளி வெட்டி முடித்துவிட்டு, அப்புறம்தான் டாக்டரிடம் போனவர். வீட்டில் ஹீட்டர் கேட்டால் "இன்னொரு ஸ்வெட்டர் போடு" என்பவர். என்ன மனிதர்! கிரெய்க்குக்கு அவர்மேல் அப்படியொரு மரியாதை. அவரோ, வடக்கேயிருந்து வந்து தன் வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கும் மருமகனைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. 'ஆக்லாந்து' என்று அவன் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

அப்படிப்பட்டவர், அங்கே குளிர்காலம் தொடங்கும் ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவன் அறைக்குள் வந்து, கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மோசமில்ல ஆக்லாந்து," என்றார். அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அன்றிலிருந்து தினமும் சாப்பிட்டுவிட்டு நேராக அங்கேதான் வந்தார். இப்பேர்ப்பட்ட ரசிகர் முன்னால் படம் திக்கலாமா?

"புது கார்டு வாங்கட்டுமா?" என்று மனைவி ஷோனாவிடம் கேட்டான்.

"ஏன், இது ஓடிட்டுத்தானே இருக்கு?"

"உங்கப்பாவுக்காகத்தான் கேக்கறேன். பந்தயம்னா அவருக்கு உசுரு."

"எங்கப்பாவுக்கா? டிராக்டரைத் தவிர சக்கரம் வச்ச எதையும் அவர் மதிச்சதில்லையே."

"நீ வந்து பாரு. கண்ணைக் கொட்டாம பாக்கறாரு."

ஆனாலும் பழைய கார்டைக் கைவிட அவனுக்கு மனசு வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு நாள்கூடப் படுத்துக்கொள்ளாமல், உறுமிக்கொண்டே உழைத்த கார்டு. எனவே முதலில் படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தான். கார் வழுக்கிக்கொண்டு ஓடியது; கார்டின் உறுமலும் அடங்கிவிட்டது. மரங்கள்தான் அட்டையில் வெட்டி ஒட்டியது மாதிரி ஆகிவிட்டன. லாக்லன் பந்தயம் பாதியில் இருக்கும்போதே எழுந்து போய்விட்டார்.

"அந்த மரத்தையெல்லாம் மனுஷன் எப்படிப் பாப்பாரு?" என்று தலையில் கைவைத்துக்கொண்ட கிரெய்க், தரத்தைப் பழையபடி ஏற்றினான்.

அடுத்து, கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்னபடி, காற்றோட்டத்துக்காகப் பெட்டியை மேசையின் அந்தக் கோடிக்கு மாற்றினான். லாக்லனும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்கே போனார். அங்கிருந்து திரையின் விளிம்புதான் தெரியும்.

'நேருக்கு நேர் பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது' என்று கிரெய்க் நொந்துபோனான். மறுநாளே கடைக்குப் போனான்.

"சத்தமே வராது சார். கரண்டும் பாதிதான்," என்று புதியதை எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். பழைய கார்டு குப்பைப் பெட்டிக்குப் போனது.

அன்று மாலை, காரின்மேல் விழுந்த மழைத்துளியைக்கூட எண்ணிப் பார்க்கலாம் போலிருந்தது. கிரெய்க் முதலாவதாக வந்து ஜெயித்தான். பெருமையாகத் திரும்பிப் பார்த்தான். லாக்லன் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அழகா இருக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த ஊரில் சாவு வீட்டு மலர்வளையத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்வார்கள். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கிரெய்க் ஜெயித்துக்கொண்டே இருந்தான். ஆனால் காலி நாற்காலியைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு அழுகை வந்தது.

"ஒரு பந்தயத்துக்காகவா இவ்ளோ சோகம்?" என்றாள் ஷோனா.

"பந்தயம் கெடக்குது. அவரு ஒரு தடவையாவது என்னை இந்த வீட்டு ஆளா நெனச்சாரு. அதையும் கெடுத்துக்கிட்டேன்."

அப்போது கதவு திறந்தது. கம்பளித் தொப்பியும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஸ்வெட்டர்களுமாக லாக்லன் நின்றிருந்தார். கையில் பழைய கார்டு இருந்தது. குப்பைப் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறார். அதில் ஒட்டியிருந்த டீத்தூளை, பிறந்த குட்டியைத் துடைப்பதுபோலப் பக்குவமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள," என்றார். அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கிரெய்க் எழுந்து நின்றுவிட்டான்.

"மறுபடி இதையே மாட்டு. இந்த வீட்ல கால் வெறைக்காம ஒக்கார முடிஞ்சது இது விடற சூட்டுக்குப் பக்கத்துல மட்டுந்தான். ஆனா வெளிய யாரு கேட்டாலும், நான் கார் பந்தயம் பாக்கத்தான் வர்றேன்."