கிரேன் அண்ணன் வைத்த கடல்

போன வாரம் ஒரு கிளினிக்கில் பழைய ஃபேக்ஸ் இயந்திரம் வீறிட்டது. வால் மிதிபட்ட பூனையின் கத்தல், அப்புறம் கரகரவென்று இரைச்சல். எனக்கு முகத்தில் உப்புக்காற்று அடித்தது. கடலைப் பாடியவர்கள் உலகத்தில் ஏராளம். கடலையே செய்து, தொலைபேசிக் கம்பி வழியாகத் திறந்துவிட்டவர் ஒருவர்தான். கிரேன் அண்ணன்.

எண்பதுகளின் கடைசி. சிராங்கூன் சாலையில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த என் நண்பன் ரவி, ஒரு கம்ப்யூட்டருக்குள் ஊர் நடத்தினான். படம் கிடையாது, எல்லாம் எழுத்து. வீட்டிலிருந்து அவன் எண்ணுக்கு அழைத்தால், கம்ப்யூட்டரைத் தொலைபேசியோடு இணைக்கும் மோடம் அதே பூனைக் கத்தல் கத்தி ஓய்ந்ததும் ஊருக்குள் நிற்போம். ‘வடக்கே போ’ என்று தட்டினால் அடுத்த இடத்தின் வருணனை திரையில் ஊர்ந்து வரும். யாரும் புது இடம் எழுதிச் சேர்க்கலாம். நான் ஒரு பூக்கடை எழுதினேன்.

பூன் லேயில் குடியிருந்து, ஜூரோங் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டிய அண்ணன் கடல் எழுதினார். ஆங்கில எழுத்தில் தமிழ். கிரேன் உச்சியிலிருந்து பார்த்ததெல்லாம் அதில் இருந்தது: விடியலில் ஈயம், எண்ணெய் மிதந்தால் மயில்கழுத்து, மழைக்கு முன்னால் கொதிக்காத பால். இத்தனைக்கும் படகில் கால் வைத்தால் வாந்தி எடுப்பவர்.

ரவிக்கு ஒரு வியாதி இருந்தது. சும்மா இருக்கிற ஊருக்குப் புதுப் பதிப்பு போடுவான். பழைய டிஸ்க்கோடு அழைத்தால் ஊர் நம்மை வெளியே தள்ளிவிடும்; கடைக்குப் போய்ப் புது டிஸ்க் வாங்கியாக வேண்டும். ஒரு பதிப்பில் கதவுகளெல்லாம் காணாமல் போய், என் பூக்கடைக்குள் நானே அடைபட்டுக் கிடந்தேன். திட்டினோம், வாங்கினோம்.

அடுத்த பதிப்பில் ஓர் இடத்துக்கு இரண்டே வரி என்று சட்டம் வந்தது. கடல் இரண்டாம் வரியில் அறுந்து நின்றது. ஞாயிறு பூசை முடிந்து, தேய்த்த சட்டையோடு அண்ணன் கடைக்கு வந்தார். வெட்டு விழும் என்று நாங்கள் பின்வாங்கினோம்.

“ஒரு இடத்துக்குத்தானே ரெண்டு வரி? எத்தனை இடம் வைக்கலாம்னு கணக்கு இருக்கா?”

“அதெல்லாம் இல்லண்ணே,” என்றான் ரவி.

“அப்ப சரி லா.”

போய், அலைக்கு ஓர் இடமாகக் கடலைப் பிரித்துப் போட்டார். அலைக்குக் கிழக்கே அலை, அதற்கும் கிழக்கே அலை. பிரிக்கப் பிரிக்க வளர்ந்தது. ஊர் ஓரத்தில் ஒரு திட்டாக ஒடுங்கியது. பக்கத்துத் தெருவில் டீ குடிக்க நான் கடல் கடக்க வேண்டியிருந்தது. ரவியின் கம்ப்யூட்டர் நிரம்பி வழிந்து, அவன் வீட்டுக்கே அதில் இடமில்லை.

அழித்துவிடுகிறேன் பார் என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்தான். ஒவ்வோர் அலையாகத்தான் அழிக்க முடியும். அழிக்குமுன் படித்தான். ரேடியோவோடு வந்தவர்கள் காத்திருந்து திரும்பிப் போனார்கள். சாயங்காலம் வரை ஓர் அலைகூட அழியவில்லை.

“ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லடா,” என்றான். மறுநாள் இன்னும் பெரிய டிஸ்க் வாங்கிப் பொருத்தினான்.

ஆனால் காலம் படம் கேட்டது. எல்லோரும் வேறு ஊர்களுக்குப் போகத் தொடங்க, ரவியும் வண்ணப் பதிப்புக்கு மாறினான். அண்ணனின் பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் அது ஓடாது. அவருடைய கடலும் அதற்குள் போகாது. கடைக்கு வரச்சொல்லி, திரையில் நீலமாய் விரிந்த புதுக் கடலைக் காட்டினான். அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாருக்கு தம்பி. இது எத்தனை மணிக் கடல்?”

ரவி பழைய கடல் மொத்தத்தையும் டிஸ்க்குகளில் எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தான்.

பேருந்து நிறுத்தம் வரை நான் கூடப் போனேன். கடைசியாக ஒருமுறை முழுக் கடலையும் கடந்துவிட நினைத்ததையும், பாதி வழியில் மனைவி தொலைபேசியைக் கேட்டதால் துண்டித்ததையும் சொன்னேன். அந்த ஊரில் எங்கே துண்டிக்கிறோமோ அங்கேயே நம் ஆள் நின்றுகொண்டிருப்பான்.

“அப்ப நீங்க இன்னும் நடுக்கடல்லதான் நிக்கிறீங்க,” என்றார் அண்ணன், நிஜமான கவலையோடு.

பேருந்து வந்தது. டிஸ்க் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறியவர், படியில் நின்று திரும்பினார்.

“பயப்படாதீங்க லா, தம்பி. அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணிதான் வச்சிருக்கேன்.”