உக்கிரபாண்டி தலைக்கு மேல் வால் நட்சத்திரம்

திருச்சுழி
ஏப்ரல் 1997

மதுரையில் இருக்கும் மரியாதைக்குரிய ஸ்டீபன் மச்சானுக்கு, உங்கள் தங்கை எலிசபெத்தின் வீட்டுக்காரன் யேசுதாசன் பணிவுடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் எலிசபெத் இதற்குள் அழுதுகொண்டே பஸ் ஏறியிருப்பாள்.

நீங்கள் இரவல் கொடுத்த கேமராவை, உங்கள் மகன் ஜாபேஸ் அடுத்த வாரம் வரும்போது கொடுத்தனுப்பிவிடுகிறேன். நீங்கள் ஏற்பாடு செய்திருக்கும் கண்புரை ஆபரேஷனுக்கும் சம்மதம். காரணத்தை எலிசபெத் வாயால் நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது.

கல்லூரியில் படிக்கும்போது நான் நட்சத்திரங்களைப் படம் பிடித்துத் திரிந்தது உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தபோது அந்தப் படங்களைக் காட்டியதற்கு, "மாப்பிள்ளைக்கு வேற என்னென்ன பழக்கம் இருக்கு" என்று விசாரித்தவரே நீங்கள்தான். பிறகு தாலுகா ஆபீஸ், பிள்ளைகள், அவர்கள் கல்யாணம் என்று குனிந்த தலை நிமிரவில்லை. ஓய்வு பெற்று நிமிர்ந்தால் வால் நட்சத்திரம் வந்து நிற்கிறது. தெருவில் எல்லோரும் அதோ தலை, அதோ வால் என்று விரல் நீட்டுகிற இடத்தில், என் கண்ணுக்குச் சுவரில் சுண்ணாம்பு இழுகின மாதிரி ஒன்று தெரிகிறது, அவ்வளவுதான். அது திரும்பி வர இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் ஆகுமாம். நான் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரிப்பதற்குள் போய்விடும். அதனால் கேமரா பார்க்கட்டும், நான் படத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். லென்ஸில் தூரத்தைக் கடைசிவரை திருகி வைத்தால் போதும், அதற்குக் கண் வேண்டியதில்லை.

வால் நட்சத்திரம் இறங்குகிற வடமேற்கில்தான் கரி சுட்டு விற்கும் உக்கிரபாண்டியின் காடு. வேலிக்கருவையை வெட்டிக் கரி மூட்டம் போட்டிருந்தார். தீ வைத்தால் ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் புகைதான். போய்க் கேட்டேன். "உங்களுக்காகப் பொறுக்கேன் சார். எனக்கும் ஒரு போட்டோ புடிச்சுத் தாங்க. வீட்டுல மாட்ட நம்ம படம் ஒண்ணுகூட இல்ல" என்றார். சரி என்றேன். மறுநாள் பொழுது இருட்டியதும் மொட்டை மாடியில் கேமராவைத் திருப்பி வைத்து, பித்தானை அழுத்தப் போகிற நேரம், புதுச் சட்டையும் திருநீறுமாக உக்கிரபாண்டி ஏறி வந்து முன்னால் நின்றுவிட்டார். நகரச் சொன்னால் கோபித்துக்கொண்டு போய்த் தீயை வைத்துவிடுவாரோ என்று பயம். "அசையாதீங்க" என்று மட்டும் சொல்லி, பத்து எண்ணும்வரை பித்தானை அழுத்திப் பிடித்தேன். அவர் நின்றதோடு விட்டாரா, மடியிலிருந்து டார்ச்சை எடுத்துத் தன் முகத்திலேயே அடித்துக்கொண்டார். "மூஞ்சி விழணும்ல சார்." அந்தச் சுருளில் கை ஆடாமல் எடுத்த படம் அது ஒன்றுதான். மறுநாள் மூட்டத்துக்குத் தீ வைத்துவிட்டார்.

அருப்புக்கோட்டையில் சோலைச்சாமி ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்தேன். கல்யாணப் படத்தில் மரு, அம்மைத் தழும்பு, தூசி விழுந்த புள்ளி எல்லாவற்றையும் மெல்லிய பிரஷ்ஷால் மை வைத்து மறைப்பதில் பேர் போனவர். வாங்கப் போனால் என்னைக் கடிந்துகொள்கிறார். "என்ன சார், பிலிமை இப்பிடியா வச்சிருப்பீக? ஒரே தூசி, வெள்ளை வெள்ளையாப் புள்ளி. ஒண்ணொண்ணா மை வச்சு எடுத்தேன். அண்ணாச்சி தலைக்கு மேல நீளமா ஒரு கீறல் வேற. அதையும் எடுத்துட்டேன்." படத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். துடைத்து வைத்த கரும்பலகை மாதிரி வானம். அதன் முன்னால் உக்கிரபாண்டி சிரிக்கிறார். அவ்வளவு பாடுபட்ட மனிதரிடம் கோபப்பட மனம் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

படம் இப்போது உக்கிரபாண்டி வீட்டில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. எனக்கு வருத்தம்தான் மச்சான், மறைக்கவில்லை. ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, அதுவும் மைக்கடியில் போய்விட்டது. "இந்தக் கருமத்த அண்ணன்கிட்டயே குடுத்துட்டு, கண்ணப் பாருங்க" என்கிறாள் எலிசபெத். அவள் சொல்வதே சரி.

உங்களுக்கும் அக்காவுக்கும் ஜாபேஸுக்கும் கர்த்தர் ஒரு குறையும் வைக்காமல் காப்பாராக.

இப்படிக்கு,
வானத்தைக் கைகழுவிவிட்ட
யேசுதாசன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் எலிசபெத், ஸ்டுடியோ உறையில் கிடந்த நெகட்டிவை உருவி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள். "ஏங்க, இந்த மனுசன் தலைக்கு மேல வெளக்குமாத்தச் சாய்ச்சு வச்ச மாதிரி கருப்பா என்னமோ இருக்கே." சோலைச்சாமி மை வைத்தது காகிதத்தில்தான், பிலிமைத் தொடவில்லை. வருத்தத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தலை தனியாக, வால் தனியாக, சுற்றிலும் எள் இறைத்த மாதிரி நட்சத்திரங்கள். கருப்பு வெள்ளையாகவும் வெள்ளை கருப்பாகவும் இருந்தால் என்ன, பார்த்துவிட்டேன் மச்சான். எலிசபெத் இன்னும் நெகட்டிவைக் கீழே வைக்கவில்லை. மூட்டத்துப் புகையும் அடங்கிவிட்டது, ஆகையால் ஆபரேஷன் தேதியைத் தள்ளி வையுங்கள். கேமரா வராது. ஜாபேஸிடம் இரண்டு பிலிம் சுருள் கொடுத்தனுப்பவும். இதை எழுதச் சொன்னது உங்கள் தங்கை.