சிவப்புக்கு உள்ளே நீலம்

“அப்பா, உள்ளே யாரு பேசுறது? பொம்பளைக் குரல் மாதிரி கேக்குதே!”

குளியலறைக்குள், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக், அவசரமாகக் கைபேசியின் வாயைப் பொத்தினார். அதற்குள்ளே ஒரு பெண்மணி அவருக்குப் புரியாத ஏதோ ஒரு மொழியில் பேசிக்கொண்டே, சிரித்த முகத்தோடு குல்லா பின்னிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“ரேடியோம்மா!”

“குளிக்கப் போனவருக்கு ரேடியோ எதுக்கு?”

“சும்மாத்தான்... பேச்சுத் துணைக்கு.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மனைவி போய் நாலு மாதம்கூட ஆகாத மனிதர் குளியலறையில் பேச்சுத் துணை தேடுகிறார் என்றால் பெற்ற மகளுக்கு எப்படி இருக்கும்?  கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் மெல்ல விலகிப் போனது.

மடியில் கிடந்தது குல்லா. சரியாகச் சொன்னால், குல்லாவில் பாதி.

மனைவி தொடங்கிவைத்துவிட்டுப் போனது. பார்த்தால் ஒரு குல்லா, ஆனால் இரண்டு தோல். வெளியே சிவப்பு, உள்ளே நீலம். திருப்பிப் போட்டால் நீலம் வெளியே வரும், சிவப்பு உள்ளே போகும். ஒரே ஊசியில் சிவப்பில் ஒரு கண்ணி, நீலத்தில் ஒரு கண்ணி என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போனால், இரண்டு தோலும் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் சேர்ந்தே வளரும். போதாததற்குச் சிவப்பு நூலில் பொடி மணிகள் கோத்திருந்தாள். பின்னப் பின்ன அவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தி வெளிப்பக்கம் உட்காரவைக்க வேண்டும்.

“ஆபீஸ் போறப்போ நீலம், ஊர் சுத்தப் போறப்போ மணி வச்ச சிவப்பு,” என்று மகளிடம் சொல்லியிருந்தாள். மகளுக்குப் பனி கொட்டும் ஊரில் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விமானம்.

கிளம்புமுன் அப்பாவோடு ஒரு வாரம் இருக்கலாம் என்று வந்தவள், வந்த அன்றே கேட்டுவிட்டாள்.

“அம்மா போட்டுட்டிருந்த குல்லா என்னப்பா ஆச்சு?”

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது. “முடிச்சு வச்சுட்டுத்தான்மா போனா. நீ கிளம்புறப்போ குடுக்கச் சொல்லியிருக்கா.”

மகள் சிரித்தாள். மருத்துவமனைக்கு அலைந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ள எந்த அப்பனால் முடியும்?

பீரோவில் இருந்ததோ பாதிக் குல்லா. நூல் கடைக்கு ஓடினார். கதவில் பூட்டும், சனிக்கிழமை திறக்கும் என்ற அட்டையும் தொங்கின. சரி, நாமே முடிப்போம் என்று அங்கேயே, நடைபாதையில் நின்றபடியே முடிவெடுத்தார். ஒரு லிஃப்டையும் அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு வீடு திரும்பியவர் இல்லை அவர். ஒரு குல்லாவையா விட்டுவிடுவார்?

கீழ்ப்பாதியைப் பார்த்தால்தான் கொஞ்சம் பயமாக இருந்தது. கண்ணிகள் அச்சில் வார்த்த மாதிரி, மணிகள் வரிசை கட்டி நின்றன. அவள் பின்னும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். ஊசியை அவள் திட்டுவது காதில் விழுமே தவிர, வேலையைக் கண்ணில் காட்டமாட்டாள். பையோடு சேர்த்து மடியில் மூடிக்கொள்வாள். புதன்கிழமை நூல் கடைக்குப் போய் வந்த பிறகுதான் எடுத்து மேசைமேல் விரிப்பாள். “கடை வெளிச்சத்துல பாத்தாத்தாங்க நிறம் சரியாத் தெரியுது,” என்பாள். கைவேலைக்காரர்களுக்கு ஆயிரம் இருக்கும் என்று இவரும் பேசாமல் இருந்துவிடுவார்.

இப்போது கைபேசிப் பெண்மணியின் தயவில் ஒரு விரல்கடை உயரம் ஏற்றியிருந்தார். மார்பு கொஞ்சம் விம்மியது. எங்கே, திருப்பிப் பார்ப்போம் என்று இழுத்தார்.

திரும்பவில்லை. சிவப்பும் நீலமும் ஜென்மத்துக்கும் பிரியமாட்டோம் என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு நூலையும் சேர்த்து முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஒன்று பின்தங்கினாலும் இரண்டு தோலையும் சேர்த்துத் தைத்துவிடும். லிஃப்டுக்கு உள் கதவு, வெளிக்கதவு என்று இரண்டு உண்டு. இரண்டையும் சேர்த்து ஆணி அடித்துவைத்தால் எப்படி இருக்கும்? அந்தக் காரியத்தைத்தான் செய்திருந்தார்.

பிரித்தார். பாதியில் சிக்கு விழுந்தது. கத்தரிக்கோல் வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும். சட்டைப் பையில் குறடு இருந்தது. ஒரே வெட்டு.

நூலில் காத்திருந்த மணிகளெல்லாம் சரசரவென்று தரையில் கொட்டி, பந்தயம் வைத்த மாதிரி தண்ணீர் போகும் துளையைப் பார்த்து ஓடின. விடுவாரா அவர்? திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினார். அடுத்து அதற்குக் கீழே இருந்த வளையத்தைக் கழற்றினார். அதற்கும் கீழே இருந்ததை மட்டும் கழற்றாமல் இருந்திருக்கலாம்.

மணிகள் கிடைத்துவிட்டன. ஆனால் சிறிது நேரத்தில் வாசல் மணி விடாமல் அடித்தது. நேர் கீழ் வீட்டில் குடியிருக்கும் மைத்துனி, தலையில் துண்டோடு நின்றாள்.

“அத்தான்! எங்க வீட்டுக் கூரையிலேருந்து சோத்துத் தட்டுல தண்ணி சொட்டுது! மேலே என்ன, அருவி விட்டிருக்கீங்களா?”

மகள் மாடியில் துணி எடுக்கப் போயிருந்தது அவர் செய்த புண்ணியம். மைத்துனியைக் குளியலறைக்குள் இழுத்து விஷயத்தைச் சொன்னார். அவள் கண்கலங்கினாள். பிறகு அவர் பின்னியிருந்ததைப் பார்த்தாள். கலங்கிய கண்ணோடு சிரிப்பும் வந்தது.

“இது என்ன அத்தான், கீழே எங்கக்கா கட்டின மாளிகை, மேலே நீங்க போட்ட கொட்டகையா? எங்கக்கா கை பொன்னு கை. அதுக்கு மேலே போய் உங்க கையை வச்சீங்களே!”

“சிரிக்காதே. வழி சொல்லு.”

“எனக்கு ஊசியிலே நூல் கோக்கவே கண்ணாடி வேணும். ஆனா ஒண்ணு, பொண்ணை நான் சமாளிக்கிறேன். நீங்க பாட்டுக்கு உள்ளே உக்காந்து போடுங்க.”

சமாளித்தாள். மாடியிலிருந்து இறங்கி வந்த மகளிடம், “அப்பாவுக்கு ஒரு வாரமா வயித்துப்போக்கும்மா. உன்கிட்டே சொல்ல வெக்கப்படுறார், பாவம்,” என்றாள்.

அன்று மாலையே மகள் மாத்திரையும் உப்புக் கரைசலுமாக வந்து நின்றாள். முகம் இறுகியிருந்தது.

“அம்மாவும் இப்படித்தான் ஒண்ணுமில்லே ஒண்ணுமில்லேன்னு மறைச்சா. உங்களை இந்த நிலைமையிலே விட்டுட்டு நான் போகமாட்டேன். டிக்கெட்டைத் தள்ளிப்போடப் போறேன்.”

“ஐயையோ! எனக்கு ஒண்ணும் இல்லேம்மா! இரும்பு மாதிரி இருக்கேன்!”

“அப்போ இன்னொரு தடவை மணிக்கணக்கா அந்தக் கதவைச் சாத்திக்கிட்டீங்கன்னா, நான் போகலே. அவ்வளவுதான்.”

ஆக, குளியலறை பறிபோனது. படுக்கையறையில் மகளின் பெட்டிகள். கூடத்தில் மகள். கீழ் வீட்டிலோ மைத்துனி, ஒரு கண்ணி போட்டால் ஒன்பது கேலி. இரண்டு நூல் உருண்டைகளோடு ஒரு மனிதன் யார் கண்ணிலும் படாமல் உட்கார இந்த உலகத்தில் இடம் எங்கே இருக்கிறது?

இருந்தது. அவருக்கு மட்டும் தெரிந்த இடம்.

மறுநாள் காலை கருவிப்பெட்டியோடு அவர்கள் கட்டடத்து லிஃப்டுக்குள் ஏறினார். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே அதை நிறுத்தினார். பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். மணிகளை மறுபடி கோத்து, நூலை முடிச்சிட்டு, பின்னத் தொடங்கினார். நல்ல விளக்கு, நல்ல காற்று, தொந்தரவே இல்லை. இந்த இடம் முதலிலேயே தோன்றாமல் போயிற்றே என்றிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழே கூட்டம் கூடும் சத்தம் கேட்டது.

“என்னாச்சு? காய்கறியைத் தூக்கிட்டு நான் ஆறு மாடி ஏறணுமா?”

“உள்ளே யாராவது மாட்டிக்கிட்டாங்களா?”

மெக்கானிக் மூச்சுக் காட்டவில்லை.

“இருங்க, நம்ம மெக்கானிக்குக்கு போன் போடுறேன்,” என்றது கட்டடச் செயலாளரின் குரல்.

லிஃப்டுக்குள் கைபேசி கணீரென்று அடித்தது.

“அட, மெக்கானிக்கே மாட்டிக்கிட்டாரு!” என்று யாரோ கூவினார்கள்.

“மாட்டலேங்க! உள்ளே உக்காந்து வேலை பாக்குறேன்!” என்று கத்தினார்.

“என்ன பழுது?”

“கண்ணி விட்டுப்போச்சு!” உண்மையைத்தான் சொன்னார். ஊசியிலிருந்து நழுவிய கண்ணி ஏழெட்டு வரிசை கீழே இறங்கிப் போயிருந்தது.

“சங்கிலியிலேயா? ஆபத்தாச்சே! எவ்வளவு நேரம் ஆகும்?”

“உச்சிக்கு வந்துட்டேன். இன்னும் கொஞ்சம்தான்!”

அப்போதுதான் மகளின் குரல் கேட்டது. “அப்பா! சங்கிலியா? பத்திரம்பா!” அவள் பயப்படுவது தெரிந்ததும் அவருக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு சிவப்பு எது, நீலம் எது என்று பார்க்காமல் கண்ணில் பட்டதையெல்லாம் போட்டார். இறங்கி வந்தபோது கட்டடமே கை தட்டியது. செயலாளர் மாலை போடுவது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் செய்தார்.

கீழ் வீட்டில் வைத்துக் குல்லாவை எடுத்துக் காட்டினார். மைத்துனி மூக்கின் மேல் விரல் வைத்தாள்.

“அத்தான், மணியெல்லாம் எங்கே?”

தடவிப் பார்த்தார். மணிகள் அத்தனையும் சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே, உள்ளே போய் உட்கார்ந்திருந்தன. இரண்டு தோலும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தன. உச்சியில் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அது பாட்டுக்கு நேராக வளர்ந்து, கடைசியில் ஒரு நூலை விட்டு மூட்டை கட்டுவது போல் இழுத்துக் கட்டியிருந்தார்.

“இது தலைக்கா, இல்லே தண்ணிக் குழாய்க்கா? பனி ஊருலே அந்தப் பொண்ணு இதைப் போட்டுட்டு நடந்தா, குளிருக்குப் பதிலா ஊரே சிரிச்சுச் சூடேத்தும்!”

 அவர் குல்லாவை மடித்துப் பையில் வைத்தார்.

“நாளைக்குச் சனிக்கிழமை. கடை திறக்கும்.”

“இன்னுமா விடமாட்டீங்க?”

“விடமாட்டேன்.”

அவர் சொன்ன விதத்தில் மைத்துனிக்கு அடுத்த கேலி வாயிலேயே நின்றுவிட்டது. “நானும் வர்றேன்,” என்றாள்.

கடை திறக்குமுன்பே இருவரும் படியில் நின்றார்கள். நூல்கடைக்காரம்மா வந்ததும் இவரைப் பார்த்து, “கேள்விப்பட்டேங்க. மனசு கேக்கவே இல்லே. இந்த முக்காலியிலேதான் வந்து உக்காருவாங்க,” என்றாள். உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. பையிலிருந்து குல்லாவை எடுத்து மேசைமேல் வைத்து, மகளிடம் சொன்ன பொய்யிலிருந்து லிஃப்ட் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார்.

அவள் குல்லாவை விளக்கடியில் பிடித்தாள். விந்தை என்னவென்றால், அச்சில் வார்த்த மாதிரி இருந்த கீழ்ப்பாதியை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. அவருடைய மேல்பாதியைத்தான் தடவித் தடவிப் பார்த்தாள். உள்ளே புதைந்திருந்த மணிகளை விரலால் நெருடினாள். இழுத்துக் கட்டிய மூட்டைத் தலையைப் பார்த்ததும் அவள் உதடு துடித்தது. சிரிக்கிறாளா, அழப்போகிறாளா என்று தெரியவில்லை.

“சிரிங்க, தப்பில்லே,” என்றார் மெக்கானிக். “எங்க மைத்துனி மூணு நாளா அதைத்தான் பண்றா. எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்கம்மா. நான் போட்ட மேல்பாதியைப் பிரிச்சுட்டு, கீழ்ப்பாதி மாதிரியே போட்டு முடிச்சுக் குடுங்க. கீழே மட்டும் கை வச்சிடாதீங்க. நாளைக்கு என் பொண்ணு இதைக் கையிலே வாங்கினதும், இது எங்கம்மா கைதான்னு அவளுக்குத் தெரியணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

“எங்கக்கா கை பொன்னு கைங்க,” என்று மைத்துனியும் மூக்கை உறிஞ்சினாள்.

நூல்கடைக்காரம்மா குல்லாவை மெல்ல மடித்து அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“அப்படின்னா நீங்க பிரிக்க வேண்டியது கீழ்ப்பாதியைத்தாங்க. புதன்கிழமை புதன்கிழமை அவங்க போட்டு எடுத்துட்டு வர்றதை அவிழ்த்துட்டு நான் போட்டுக் குடுத்ததுங்க அது. அவங்க கைன்னா, அச்சு அசல் இந்த மேல்பாதிதான்!”