இல்லாத குழந்தைக்கு ஒரு போர்டு

திருவொற்றியூர்,
14.7.2002

மதிப்பிற்குரிய திரு. வேம்பு அவர்களுக்கு,

திருவொற்றியூர் திருமலை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் மகன் தீனாவும் உடம்பளவில் நலம். தாங்களும் தங்கள் துணைவியாரும் மகள் சங்கமித்ராவும் மனதளவிலும் நலமாக இருக்க வேண்டும். 'சம்பந்தி அவர்களுக்கு' என்று ஆரம்பித்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இது வேறு தாள். அப்படி எழுதும் உரிமை இன்னும் எனக்கு இருக்கிறதா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெண் பார்க்க வந்த அன்று வியாசர்பாடியில் தங்கள் வாசலில் நடந்த கூத்துக்கு நான் ஒருவன்தான் காரணம். என் மகனுக்குக் குழந்தை கிடையாது. கல்யாணமே ஆகவில்லை. காருக்குள் அழுதது ரிவர்ஸ் ஹாரன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், வெட்கத்தில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

எண்ணூர் ஃபவுண்டரியில் விருப்ப ஓய்வு வாங்கியதும், மகனுக்குப் பெண் பார்க்க பஸ்ஸில் போய் இறங்கக் கூடாது என்று ஒரு பழைய மாருதி வாங்கினேன். அதோடு நின்றிருந்தால் கௌரவமாகப் போயிருக்கும். காலடியில் போட மேட் வாங்கலாம் என்று தண்டையார்பேட்டையில் ஹபீபுல்லா வைத்திருக்கும் கார் அலங்காரக் கடைக்குப் போனேன். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "இன்னா நைனா, வண்டி மொட்டையா கீது" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் தூக்கம் போயிற்று. வீல் கப் போட்டேன், ஃபாக் லைட் போட்டேன், சிவப்பு வெல்வெட்டில் சீட் கவர் தைத்தேன், உள்ளே இருப்பது ஆளா மூட்டையா என்று தெரியாத அளவுக்குக் கறுப்பு சன் பிலிம் ஒட்டினேன், சாவியைத் தொடாமலே கதவு பூட்டிக்கொள்ள சென்ட்ரல் லாக் வைத்தேன், பின்னால் ஸ்பாய்லர் என்று ஒரு றெக்கையும் வைத்தேன். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்றார். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அரை நாள் நிற்கிற வண்டி எந்தக் காற்றைக் கிழிக்கப் போகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "எனக்கு இம்மா நகை போட்டுக்கிறியா நீ?" என்று மட்டும் கேட்டாள்.

ரிவர்ஸ் ஹாரனில் நாய் குரைப்பது, கோயில் மணி அடிப்பது, குழந்தை அழுவது என்று மூன்று வகை இருந்தன. நாய் குரைத்தால் தெரு நாய்கள் கூடிவிடும். மணி அடித்தால் ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு அங்கேயே நிற்பார்கள். குழந்தை அழுதால்தான் பதறி விலகுவார்கள் என்று நானே மூளையைக் கசக்கி அதைத் தேர்ந்தெடுத்தேன். ஹபீபுல்லா மெச்சிப்போய் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை இனாமாகக் கொடுத்தார். இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. இங்கிலீஷ் என்றால் மதிப்புத்தானே என்று பின் கண்ணாடியில் நட்ட நடுவே ஒட்டினேன்.

அப்புறம் நடந்தது தங்களுக்கே தெரியும், ஆனாலும் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பஜ்ஜி சாப்பிட்டு, பெண்ணைப் பார்த்து, எனக்கும் மனைவிக்கும் மனசு நிறைந்து, தாம்பூலத் தட்டை எடுக்கிற நேரத்தில் தண்ணி லாரிக்காரன் வந்து வண்டியை எடுக்கச் சொன்னான். நான்தான் போனேன். ரிவர்ஸ் போட்டதும் உள்ளே வீல் என்று அழுகை. குடத்தோடு நின்ற பெண்கள் ஓடி வந்தார்கள். யார் மேலாவது இடித்துவிட்டேனோ என்ற பயத்தில் கிளட்சை விட்டேன், இன்ஜின் நின்றது, கியர் அப்படியே இருக்க நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன், சாவி உள்ளே இருக்க லாக் விழுந்தது. அழுகை நிற்கவில்லை. "பச்சக் கொழந்தைய வண்டில வச்சிப் பூட்டிட்டுப் பொண்ணு பாக்க வந்துகிறாங்கோ" என்று ஓர் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தபோது தங்கள் மைத்துனர் வல்லரசு கண்ணாடியைப் பார்த்து, "உள்ள கொழந்த கீதுன்னு போர்டே போட்டுகிறாங்க மாமா" என்று படித்துச் சொன்னார். எனக்கே அப்போதுதான் அதன் அர்த்தம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பேட்டரி இறங்கி அழுகை நின்றது. அது இன்னும் மோசம். "ஐயோ, மூச்சு நின்னுபோச்சு" என்று கண்ணாடியை உடைத்தார்கள். உள்ளே குழந்தை இல்லை என்றதும் எல்லாம் தெளிந்துவிடும் என்று நம்பினேன். ஆனால் தெருக்கோடியில், அந்தப் பக்கக் கதவு வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

தாங்கள் குரலை உயர்த்தவில்லை. "இல்லாத கொழந்தைக்கு எதுக்குங்க போர்டு?" என்று மட்டும் கேட்டீர்கள். தீனா சுவரைப் பார்த்து நின்றான். நான் பெற்றவனை நாலு பேர் முன்னால் அப்படி நிற்க வைத்தேனே என்று இன்றுவரை சோறு இறங்கவில்லை.

எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டேன். ஸ்டிக்கர் மட்டும் உடைந்த கண்ணாடியிலும் வர மறுக்கிறது, மனைவி சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தயவுசெய்து உண்மையைத் தங்கள் தெருவில் எல்லாருக்கும் சொல்லுங்கள். என் முட்டாள்தனத்தை என் மகன் கணக்கில் எழுதாதீர்கள். சங்கமித்ரா எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று கையேந்திக் கேட்கிறேன்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். வல்லரசுக்கு என் அன்பு. வீட்டுக் குழந்தைகளுக்கு, அந்தச் சொல்லை எழுதவே கை கூசுகிறது, என் ஆசிகள்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
திருமலை

பி.கு.: கவரை ஒட்டும் முன் தீனாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அப்போதுதான் வாயைத் திறந்தான். காத்திவாக்கத்தில் இறால் கம்பெனியில் வேலை செய்கிற பிலோமி என்ற பெண்ணை ரொம்ப நாளாக விரும்புகிறானாம். என் சந்தோஷத்தைக் கெடுக்க மனசில்லாமல் தங்கள் வீடு வரை வந்தானாம். "ஏண்டா என்னாண்ட சொல்லல?" என்றேன். "நீ எங்க நைனா கேட்ட? சீட் கவரு இன்னா கலருன்னுதான் கேட்ட" என்றான். அவன் சொன்னது நிஜம். தங்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. அய்யா, மேலே எழுதிய எதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம். மாப்பிள்ளை வேண்டாமென்று போய்விட்டான் என்ற சொல் சங்கமித்ராவின் மேல் விழக் கூடாது. காருக்குள் குழந்தை இருந்தது, அதனால் நீங்கள்தான் எங்களைத் துரத்தினீர்கள் என்றே ஊர் பேசட்டும். யாராவது இங்கே வந்து விசாரித்தால், குழந்தை உண்டு என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.