பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சூனியம் வைக்கப் போன விவரம்

ட்ரூரோவில் இருக்கும் அன்பும் மரியாதையும் மிக்க லவ்டே அக்காவுக்கு, தம்பி டென்சில் பணிவுடன் எழுதியது. இங்கே நான் சுகம், இடது முழங்காலைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். நீயும் அத்தானும் பூனையும் சௌக்கியமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். எந்தக் கடவுளை என்று கேட்டு உடனே அடுத்த கடிதம் போட்டுவிடாதே, விவரம் கீழே வருகிறது.

நிற்க. "அறுபத்தொன்பது வயசில் சூனியக்காரிகளோடு வயலில் ஆடினாயாமே" என்று நீ எழுதியது கிடைத்தது. உன் சபையில் யார் வத்தி வைத்தது என்று எனக்குத் தெரியும், பேர் சொல்ல மாட்டேன், ரோஸ்வேர் அம்மாள்தான். நான் ஆடவில்லை அக்கா, நின்றேன். கை கோத்தது உண்மை, ஆனால் நான் அவர்களில் ஒருவன் இல்லை, ஆகப்போவதும் இல்லை. நான் போனது முழுக்க முழுக்கக் கெட்ட எண்ணத்தோடு, அதனால் நீ என் ஆத்துமாவைப் பற்றிக் கவலைப்படுவதென்றால் அந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

என் மனைவி மோர்வென்னா சுவரோரம் நட்ட ஆப்பிள் மரம் உனக்குத் தெரியும். அவள் இறந்துபோன அடுத்த ஜனவரியில், துக்கம் ஆறாமல் நான் சமையலறையில் நிற்கிறேன், பக்கத்து வீட்டு ஹெட்லி நான்ஸ் ரம்பத்தோடு சுவர் ஏறி மரத்தில் பாதியை வெட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறான். கையில் கிடைத்த பக்கெட்டை எறிந்தேன். அதோடு பேச்சு நின்றது, அந்தப் பக்கத்து ஜன்னல் திரையையும் இழுத்து மூடினேன், மூணு வருஷமாகத் திறக்கவில்லை. இந்தச் செப்டம்பரில் வெளியே வந்து பார்த்தால் சுவரில் ஏணி சாத்தியிருக்கு. மிச்ச மரத்துக்கும் வந்துட்டான்னு தோணிச்சு. நேரா ஜென்னா பாஸ்கோகிட்ட போயிட்டேன். அவ விக்கான்னு சூனியக்காரிங்க மதம் ஒண்ணு இருக்கே, அதைச் சேர்ந்தவன்னு ஊருக்கே தெரியும், பல் டாக்டர் ஆஸ்பத்திரியில முன்னாடி உக்காந்து பேர் எழுதிக்கிறவ.

"ஜென்னாம்மா, சின்னதா ஒரு சூனியம் வேணும்"னேன்.

கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே, "பல் வலியா சார்?"ன்னா.

"எனக்கு இல்ல, ஹெட்லிக்கு. இனிமேதான் வரவைக்கணும்."

அப்பதான் நிமிர்ந்தா. "சார், நாங்க யாருக்கும் கெடுதல் பண்றதில்ல. யாரையும் நோகடிக்காம உன் மனசுக்குப் பட்டதைச் செய், எங்க சட்டம் அவ்வளவுதான். அதுவுமில்லாம நீங்க எதை அனுப்பினாலும் மூணு மடங்கா உங்ககிட்டயே திரும்பி வரும்."

கணக்குப் போட்டேன். வாயில மிச்சம் இருக்கறது அஞ்சு பல். "வரட்டும், தாங்கிக்கிறேன்"னேன். சிரிக்கலை அவ. சரி, ஆளை விட்டுடு, அவன் வெங்காயப் பாத்தியிலயாவது பூச்சி விழட்டும்னு இறங்கி வந்தேன். "வெங்காயமும் உயிர்தானே சார், நாங்க மண்ணையும் மரத்தையும் நிலாவையும் கும்பிடறவங்க. ஒரு மரத்துக்காக மூணு வருஷம் கோபமா இருக்கறவரை எங்களுக்குப் பிடிக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அறுவடைக்கு நன்றி சொல்றோம், பகலும் ராத்திரியும் சமமா வர்ற நாள். வாங்களேன்"னா. நான் குனிஞ்சு, ஊர்ல சொல்றாங்களே, துணிமணி இல்லாமத்தான் நிக்கணுமான்னு கேட்டேன். மெதுவாத்தான் கேட்டேன், ஆனா அங்க காத்திருந்த ஏழு பேரும் பத்திரிகையைக் கீழ வெச்சுட்டாங்க. "சில பேர் வீட்டுக்குள்ள அப்படிச் செய்வாங்க. நாங்க ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிறோம். இந்தக் கடல் காத்துலயா சார்?"ன்னா.

போனேன். என்னையும் சேர்த்து பதினோரு பேர், தபால்காரர் உட்பட. ஜென்னா வெங்காயம்கூட வெட்ட வராத மொட்டைக் கத்தியால காத்துல ஒரு வட்டம் போடப் போறா, அப்ப மூச்சு வாங்க ஒருத்தன் ஓடிவந்து எனக்கு இடது பக்கம் நின்னான். ஹெட்லி! நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வட்டம் மூடியாச்சு. கிழக்கே காத்தைக் கூப்பிட்டாங்க, தெற்கே நெருப்பைக் கூப்பிட்டாங்க, காத்தை அதிகமாவே கூப்பிட்டுட்டாங்க போலிருக்கு, மெழுகுவத்தி மூணு தரம் அணைஞ்சுது. மேற்கே தண்ணி, வடக்கே மண்ணு. நான் போகணும்னேன். "தாராளமா சார், யாரையும் கட்டிப்போடறதில்ல, வழி திறக்கறேன்"னு ஜென்னா கத்தியை எடுத்தா. "ஓடறான் பாரு"ன்னு பக்கத்துல ஒரு முணுமுணுப்பு. அதுக்கப்புறம் நான் எப்படிப் போறது?

குங்குமப்பூ ரொட்டி சுத்தி வந்துச்சு. ஒரு துண்டு பிட்டு இடது பக்கத்து ஆள் கையில குடுத்து, "உனக்கு எந்நாளும் பசி வராம இருக்கட்டும்"னு சொல்லணும். எனக்கு "உனக்கு" வரைக்கும் வந்துச்சு, அதுக்கு மேல வரலை. பத்து பேரும் காத்துக்கிட்டு நிக்கறாங்க.

ஹெட்லிதான் வெடிச்சான். "யோவ், சொல்லித் தொலையேன்! நானாவா வெட்டினேன்? உன் பொண்டாட்டிதான் சொன்னா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம் சுவரோரம் வந்து, 'ஹெட்லி, அவர் மரத்தைப் பத்திப் பேசுவார், வெட்ட மாட்டார். ஜனவரியில பட்ட கிளையை நீ எடுத்துடு, இல்லைன்னா மரமே போயிடும்'னா."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"பக்கெட் மூஞ்சிக்கு வர்றப்போ என்னத்தைச் சொல்ல?"

"பட்ட கிளையை மட்டுமா எடுத்தே? நல்ல கிளை ரெண்டு போச்சே!"

"கண்ணாடி கொண்டு வரலை. அது என் தப்புதான்." அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "உனக்குச் சூனியம் வைக்கச் சொல்லி நானும்தான் இவகிட்ட கேட்டேன், ஜூலையில"ன்னான். ஜென்னா வானத்தைப் பாத்துக்கிட்டிருந்தா. "அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"ன்னேன். "வாயில பாத்ததை வெளியில சொல்ற பழக்கம் இல்ல சார்"னா.

மோர்வென்னா எங்கிட்ட சொல்லாம அவன்கிட்ட சொன்னதுதான் அக்கா எனக்குத் தைச்சுது. ஆனா அவ என்னைப் பத்திச் சொன்னது அத்தனையும் நிஜம், அவ குரலே கேட்ட மாதிரி இருந்துச்சு. ரொட்டியை அவன் கையில வெச்சு முழு வாக்கியத்தையும் சொன்னேன். அவனும் தின்னுட்டு ரொம்ப நேரம் மூக்கைச் சிந்தினான்.

வீட்டுக்கு வந்து திரையைத் திறந்தேன். மரம் பூரா பழம். ஏணி எதுக்குடான்னா, அழுகறதுக்கு முன்னால பறிச்சு என் வாசல்ல வைக்கத்தானாம்.

இவ்வளவுதான் நடந்தது. ஒருமுறை போனேன், வந்தேன், முடிந்தது. அத்தானுக்கு என் வணக்கம், பூனைக்கு ஒரு தடவல், ரோஸ்வேர் அம்மாளுக்கு நல்ல புத்தி. எந்தப் பேரில் கூப்பிட்டாலும் காதில் விழுகிற கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும்.

என்றும் உன் தம்பி,
டென்சில் ட்ரெம்பாத்

பின்குறிப்பு: மேலே நான் அவர்களில் ஒருவன் இல்லை என்று எழுதியதை அடித்துவிட்டுப் படி. கூடப் பிறந்தவளிடம் பொய் சொல்லாதே என்று ஹெட்லி திட்டுகிறான். ஒரு வருஷமும் ஒரு நாளும் படித்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம், எனக்கு இன்று பன்னிரண்டாம் நாள். அக்டோபர் கடைசியில், இறந்துபோனவர்களுக்கு ஒரு தட்டு எடுத்துவைத்து, பேரை வாய்விட்டுச் சொல்லும் நாள் வருகிறது, சாயங்காலம் நாலு மணிக்கு. மோர்வென்னா தொப்பி போட்டுச் சிரிக்கிற படம் உன்னிடம்தான் இருக்கிறது. தபாலில் அனுப்பாதே அக்கா, நீயே கொண்டு வா. தனியாக அவள் பேரைச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது.